நெற்கட்டான்செவல் யாருடைய சீமை?

சங்கரன்கோவிலுக்கு மேற்கே, மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நெற்கட்டும்செவல் என்று ஒரு ஊர் இருக்கிறது. பலர் அதை நெற்கட்டான்செவல் என்றுதான் சொல்வார்கள். நெல்லை வரியாகக் கட்ட மாட்டேன் என்று பூலித்தேவன் மறுத்ததால் 'கட்டும்' என்பது 'கட்டான்' ஆனது என்று கதை. கதை எவ்வளவு நிஜமோ, பெயர் நிலைத்துவிட்டது.

இந்த ஊருக்கு வருஷத்தில் இரண்டு நாள் பெருங்கூட்டம் வரும். ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள். ஊரை ஒட்டிய பச்சேரியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. செப்டம்பர் 1 பூலித்தேவன் பிறந்த நாள். அவருக்கு அரசாங்கம் கட்டிய நினைவு மாளிகை ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் பாளையக்காரர், இன்னொருவர் அவருடைய தளபதி. ஒரே கோட்டைக்குள் இருந்தவர்கள், ஒரே எதிரியோடு சண்டை போட்டவர்கள். ஆனால் இன்றைக்கு அவர்களுக்காக வருகிற கூட்டம் வேறு வேறு, கொடி வேறு வேறு, கோஷம் வேறு வேறு. அந்த நாட்கள் நெருங்கினாலே மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போடுவது வழக்கமாகிவிட்டது. வாடகை வண்டியில் வரக்கூடாது, இந்த வழியாகத்தான் வர வேண்டும், இத்தனை மணிக்குள் மாலை போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஏகப்பட்ட நிபந்தனைகள். தேதிகளுக்கு நடுவே பன்னிரண்டே நாள்தான் இடைவெளி.

கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு வாக்கியம் உண்டு. "இது எங்க சீமை." கட்டுரை இந்த வாக்கியத்தைப் பற்றியதுதான். ஒரு குலத்துக்கென்று ஒரு சீமை இருந்ததா? இருந்தது என்றால், எந்த அர்த்தத்தில் இருந்தது?

முதலில், முழுப் பொய் என்று இதைத் தள்ளிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய திருநெல்வேலிச் சீமையின் வரைபடத்தில் மண்ணின் நிறத்தையும் ஆட்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. தாமிரபரணி பாய்கிற நன்செய்ப் பகுதியில் பிராமணரும் வெள்ளாளரும். தென்கிழக்கே தேரி மணலிலும் பனங்காட்டிலும் நாடார்கள். வடகிழக்கே கரிசல் காட்டில் தெலுங்கு பேசுகிற நாயக்கர், ரெட்டியார், கம்மவார். வடமேற்கே, மலையடிவாரத்துச் செம்மண்ணிலும் குளத்துப் பாசனத்திலும் மறவர்கள். செவல் என்றாலே செம்மண் நிலம்தான். ஊர்ப் பெயரிலேயே மண் இருக்கிறது. டேவிட் லட்டன் என்கிற அமெரிக்க வரலாற்று ஆசிரியர் 1985-ல் திருநெல்வேலி விவசாயிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஏறக்குறைய இந்தப் படத்தைத்தான் வரைந்து காட்டுகிறார்.

பாளையங்களும் அதே மாதிரி பிரிந்திருந்தன. விசுவநாத நாயக்கர் காலத்தில் அரியநாத முதலியார் 72 பாளையங்களாகப் பிரித்தார் என்பது பள்ளிக்கூடப் பாடம். நெற்கட்டும்செவல், சிவகிரி, ஊத்துமலை, தலைவன்கோட்டை, சொக்கம்பட்டி என்று மேற்கே இருந்தவை மறவர் பாளையங்கள். பாஞ்சாலங்குறிச்சி, எட்டையபுரம் என்று கிழக்கே இருந்தவை பெரும்பாலும் தெலுங்கர் பாளையங்கள். சங்கரன்கோவில் ஏறக்குறைய இரண்டும் சந்திக்கிற இடம். மேற்கே போனால் செவல், கிழக்கே குருவிகுளம் பக்கம் போனால் கரிசல்.

அப்படியானால் "எங்க சீமை" என்பது சரிதானே? இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

சீமை என்பது சொத்தா, வருமானமா? இரண்டும் ஒன்றில்லை என்று கணக்குப் பாடம் படிக்கிற எந்தப் பையனும் சொல்லிவிடுவான். ஒரு கடைக்குச் சொந்தக்காரர் ஒருவர், வாடகைக்கு எடுத்து நடத்துகிறவர் இன்னொருவர், அந்தக் கடைக்கு ராத்திரிக் காவல் இருந்து மாசச் சம்பளம் வாங்குகிறவர் வேறொருவர். மூன்று பேரும் "எங்க கடை" என்றுதான் சொல்வார்கள். மூன்று பேர் சொல்வதும் ஒரு வகையில் சரி. ஆனால் மூன்றும் ஒரே உரிமை இல்லை. பாளையக்காரர் காலத்து நிலமும் இப்படித்தான் இருந்தது. விளைச்சலில் மேல்வாரம் ஒருவருக்கு, குடிவாரம் உழுகிறவருக்கு. கோவிலுக்கு மானியம், தச்சருக்கும் கொல்லருக்கும் களத்திலேயே அளந்து கொடுக்கிற பங்கு. இவற்றோடு ஒன்றாகக் காவல்காரருக்கு ஒரு பங்கு. ஒரே வயலின் மேல் இத்தனை பேருக்கும் பாத்தியதை.

மறவர்களுடைய சீமை என்று எதைச் சொல்கிறோமோ அதில் பெரும்பகுதி இந்தக் காவல் பாத்தியதைதான். அதில் இரண்டு வகை உண்டு. ஸ்தலகாவல் என்பது ஒரு ஊருக்கான காவல். தேசகாவல் என்பது பல ஊர்களைச் சேர்த்து, வழிகளையும் சேர்த்து, ஒரு வட்டாரம் முழுவதற்குமான காவல். பாளையக்காரர்கள் தங்கள் பாளையத்துக்கு வெளியே இருந்த ஊர்களிலும் தேசகாவல் வாங்கினார்கள் என்பதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அதாவது உழுகிற நிலம் ஒரு எல்லைக்குள், காவல் எல்லை அதைத் தாண்டி. எல்லைக்கோடு ஒன்று இல்லை, பல. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

காவல் என்பது சும்மா வாங்குகிற மாமூலும் இல்லை. ஊரில் மாடு களவு போனால் காவல்காரர் அதைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் விலையை ஈடுகட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. இன்றைய வார்த்தையில் சொன்னால் செக்யூரிட்டி சர்வீஸும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த ஒரு ஒப்பந்தம்! (திருட்டுப் போன மாட்டை மீட்டுத் தருவதற்குத் துப்புக்கூலி என்று தனியாக வாங்குவது பிறகு தனித் தொழிலாகவே ஆனதும், சில இடங்களில் களவாடினவரும் துப்புச் சொன்னவரும் ஒரே கூட்டம் என்று ஆனதும் நடந்திருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை.) ஆக, சீமை என்றால் உரிமை மட்டுமல்ல, பொறுப்பும்தான். இன்றைக்கு மேடைகளில் அந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இதைவிட சுவாரஸ்யமான சங்கதி குலத்தில் இருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கத்துக் கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கொத்து, கிளை என்று ஒரு அமைப்பு உண்டு. தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் அந்தப் பட்டியல் இருக்கிறது. மொத்தம் ஆறு கொத்து: மிளகு, வெற்றிலை, தென்னை, கமுகு, ஈச்சை, பனை. கொத்துக்கு மூன்று கிளை வீதம் பதினெட்டுக் கிளைகள். வெற்றிலைக் கொத்தில் அகத்தியர், மருவீடு, அழகர்பாண்டியன் என்று மூன்று. ஒரே கொத்தைச் சேர்ந்தவர்கள் அண்ணன் தங்கை மாதிரி, கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. (செம்மண் பூமியில் பனை சரி, ஈச்சையும் சரி. மிளகும் கமுகும் எங்கிருந்து வந்தன? மலைக்கு அந்தப் பக்கத்துப் பயிர்களின் பெயர் இங்கே குலப்பெயராக இருப்பதே யோசிக்க வேண்டிய சமாசாரம்.)

ஆச்சரியம் இதில் இல்லை. பிள்ளைகளுக்கு எந்தக் கிளை என்பதில்தான் இருக்கிறது. அப்பாவுடைய கிளை இல்லை, அம்மாவுடைய கிளை! வீடும் நிலமும் அப்பா வழியில் வருகிறது. கிளை அம்மா வழியில் வருகிறது. மீசை முறுக்கிப் படம் போட்டு, வீரப் பரம்பரை என்று பிளெக்ஸ் வைக்கிற தம்பிகளில் எத்தனை பேருக்கு, தாங்கள் என்ன கிளை என்பதைத் தீர்மானித்தது அம்மா என்கிற விஷயம் மனதில் உறைத்திருக்கும்?

இதைச் சீமைக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் முழுசாகப் புரிகிறது. பாளையப்பட்டு அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். அப்பாவும் அம்மாவும் ஒரே கொத்தாக இருக்க முடியாது. மகன் அம்மாவுடைய கிளை. ஆகவே விதிப்படி பார்த்தால் அப்பாவும் மகனும் ஒரே கிளையாக இருக்கவே முடியாது. ஒரே கிளை அடுத்தடுத்து இரண்டு தலைமுறை ஒரு பாளையத்தில் உட்கார வழியே இல்லை. ஒரு ஊரில் நூறு வீடு இருந்தால் எல்லாக் கொத்தும் கலந்துதான் கிடக்கும். மருமகள்கள் வெளியூரிலிருந்து வர வர, அந்த ஊரின் கிளைகள் மாறிக்கொண்டே இருக்கும். 'இந்தக் கிளைக்கு இந்த நிலம்' என்று கோடு போடவே முடியாதபடி ஒரு ஏற்பாடு. யார் யோசித்துச் செய்தார்களோ, தானாக அமைந்ததோ, கெட்டிக்கார ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை.

ஒரு ஒப்பீட்டுக்குச் சோமாலியாவை எடுத்துக்கொள்ளலாம். குலம், நிலம் என்று பேச ஆரம்பித்தால் உலகத்தில் எல்லோரும் சுட்டிக்காட்டுகிற நாடு அது. தாரோத், ஹாவியே, இசாக், திர், ராஹன்வெய்ன் என்று பெரிய குலக் குடும்பங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் கிளை, கிளைக்குள் கிளை. அங்கே எல்லாமே அப்பா வழி. ஒரு குழந்தை அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று பல தலைமுறைப் பெயர்களை மனப்பாடமாக ஒப்பிக்கக் கற்றுக்கொள்ளும். வடமேற்கே இசாக், வடகிழக்கு மூலையில் தாரோத்தின் மஜெர்தீன் கிளை, எத்தியோப்பியாவுக்குள் அதே தாரோத்தின் ஒகாதேன் கிளை, மொகதிஷு பக்கம் ஹாவியே என்று வரைபடத்தில் குலங்களை வண்ணமடித்தே காட்டிவிடலாம்.

ஆனால் அந்த வண்ணமும் முழு நிஜமில்லை. 1961-ல் ஐ.எம்.லூயிஸ் என்கிற மானுடவியலாளர் வடக்குச் சோமாலியர்களைப் பற்றி எழுதினார். ஒட்டகம் மேய்க்கிறவர்களுக்கு நிலம் என்றால் வேலி போட்ட தோட்டம் இல்லை. மழை எங்கே பெய்ததோ அங்கே மேய்ச்சல். கிணறு யார் வெட்டினார்களோ அவர்களுக்கு முதல் தண்ணீர். ஒரு பருவத்தில் இங்கே, அடுத்த பருவத்தில் அங்கே. ஹாவுத் என்கிற மேய்ச்சல் நிலத்தை 1954-ல் பிரிட்டன் ஒப்பந்தம் போட்டு எத்தியோப்பியாவிடம் விட்டுக் கொடுத்தது. இசாக் மேய்ப்பர்கள் மழைக்காலத்தில் போய் வந்துகொண்டிருந்த இடம் திடீரென்று அந்நிய நாடாகிவிட்டது. மேய்ச்சலுக்குப் போய்வரும் வழி எல்லைப் பிரச்னை ஆனது. 1977-78-ல் ஒகாதேனுக்காக இரண்டு நாடுகளும் யுத்தமே நடத்தின.

அப்புறம் 1991-ல் அரசாங்கம் விழுந்தது. 2000-ல் ஜிபூட்டியின் ஆர்த்தா நகரத்தில் கூடி 'நாலரை' என்று ஒரு கணக்குப் போட்டார்கள். பெரிய குலங்கள் நான்குக்கும் ஆளுக்கு ஒரு முழுப் பங்கு, மிச்சமிருக்கிற சிறுபான்மையினர் எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு. சண்டையை நிறுத்துவதற்கு அப்போது வேறு வழி தெரியவில்லை என்று சொல்வார்கள், இருக்கலாம். ஆனால் ஒரு மனிதனை அரை என்று எழுதி வைத்துவிட்டால் அந்த அரை எப்போது ஒன்றாகும்? குலம் என்பது ஆபத்துக்கு உதவுகிற சொந்தம் என்கிற நிலையிலிருந்து பங்கு பிரிக்கிற பேரேடாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நெற்கட்டான்செவலுக்குத் திரும்பலாம். 'எங்க சீமை'யை யார் காப்பாற்றினார்கள் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை.

1755-ல் கர்னல் ஹெரான், நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு வந்தார். பீரங்கியும் சாமான்களும் போதாமல் நெற்கட்டும்செவலைப் பிடிக்க முடியாமல் மதுரைக்குத் திரும்பினார். பிறகு பூலித்தேவன் ஒரு கூட்டணி சேர்க்கிறார். மேற்கே இருந்த மறவர் பாளையங்கள் அதில் சேர்ந்தன, ஒன்றைத் தவிர. சேராதது எது? பக்கத்திலேயே இருந்த சிவகிரி! ரத்த சொந்தம் என்று சொல்லத்தக்கவர்கள் வரவில்லை. சேர்ந்தது யார்? மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளில் சந்தாசாகிப் வைத்துவிட்டுப் போன மியானா, முடிமியா, நபிகான் கட்டக் என்கிற பட்டாணிய அதிகாரிகள். களக்காட்டுச் சண்டையில் திருவிதாங்கூர்ப் படையும் கூட நின்றது. எதிர்ப்பக்கம் வந்து நின்றவர் யார்? ராமநாதபுரம் பகுதியில் பிறந்து மதம் மாறிய மருதநாயகம் என்கிற யூசுப்கான். 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பிடித்தவர் அவர்தான். அவரையே 1764-ல் நவாபும் கம்பெனியும் தூக்கில் போட்டார்கள் என்பது தனிக் கதை. வாசுதேவநல்லூரை மறுபடி பிடிக்க 1767-ல் கர்னல் கேம்பெல் வர வேண்டியிருந்தது.

கோட்டைக்குள் இருந்து போராடியவர்களில் இன்றைக்கும் பேர் நிற்கிற இருவர் ஒண்டிவீரனும் வெண்ணிக்காலாடியும். ஒருவரை அருந்ததியர்களும் மற்றவரைத் தேவேந்திரகுல வேளாளர்களும் தங்கள் முன்னோராகக் கொண்டாடுகிறார்கள். 2022 ஆகஸ்ட் 20-ல் ஒண்டிவீரனுக்குத் தபால்தலையும் வந்துவிட்டது. வெளியிலிருந்து வந்த பட்டாணியர்கள் கூட நின்றார்கள், பக்கத்துச் சீமைச் சொந்தக்காரர் விலகி நின்றார், கோட்டையை அருந்ததியரும் காலாடியும் சேர்ந்து காத்தார்கள். இதில் 'ஒரு குலத்தின் சீமை' எங்கே இருக்கிறது? பூலித்தேவன் அப்படி நினைத்திருந்தால் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்.

அவருடைய முடிவைப் பற்றிய கதையும் சங்கரன்கோவிலில்தான் முடிகிறது. பிடிபட்டுக் கொண்டுபோகப்படும்போது, சங்கரநாராயணரைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று கோவிலுக்குள் போனவர் அப்படியே மறைந்துவிட்டார் என்பார்கள். அவர் மறைந்ததாகச் சொல்லும் இடத்தை இன்றும் கோவிலில் காட்டுகிறார்கள். சிவன் பெரியவரா விஷ்ணு பெரியவரா என்று சங்கன், பத்மன் என்கிற இரண்டு நாகங்கள் சண்டை போட, கோமதியம்மன் தவம் இருந்து இருவரையும் ஒரே உடம்பில் காட்ட வைத்தாள் என்பது அந்தக் கோவிலின் தல வரலாறு. ஆடித்தபசு அதற்குத்தான். எல்லாச் சாதிக்காரரும் அந்தக் கூட்டத்தில் நெருக்கியடித்து நிற்பார்கள், புற்றுமண் வாங்கிப் போவார்கள்.

கலந்து கிடந்தது எப்போது இத்தனை இறுக்கமானது? இதற்குக் காகிதமும் ஒரு காரணம். 1801-ல் பாளையக்காரர் யுத்தம் முடிந்தது. கோட்டைகளை இடித்தார்கள், ஆயுதங்களைப் பறித்தார்கள், தேசகாவல் உரிமையைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1803-ல் ஒத்துப்போன பாளையக்காரர்களுக்கு சனத் எழுதிக் கொடுத்து ஜமீன்தார் ஆக்கினார்கள். அன்றைக்குத்தான் பல பாத்தியதைகளின் குவியலாக இருந்த சீமை ஒரே ஆளின் பேரில் எழுதிய எஸ்டேட் ஆனது. உழுகிறவனுக்கும் காவல்காரனுக்கும் காகிதத்தில் இடம் கிடைக்கவில்லை. (ஜமீன்களும் எல்லாம் மோசமில்லை. சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் காவடிச்சிந்து பாடினார். அவரை ஆதரித்தது ஊத்துமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர். ரெட்டியார் பாட்டு, மறவர் ஆதரவு, எல்லோருக்கும் பொதுவான முருகன்.) 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து எஸ்டேட்டுகளும் போயின.

காவல்காரர்களின் கதை இதைவிட மோசம். சம்பளம் இருந்த வேலை போய்விட்டது. பழக்கம் மட்டும் மிஞ்சியது. காவல் பணம் கேட்பதும் கொடுக்க மறுப்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கத் தகராறாக ஓடியது. வியாபாரத்தில் முன்னேறி வந்த நாடார்களுக்கும் மறவர்களுக்கும் நடுவே கோவில் நுழைவு உள்பட பல காரணங்களால் வளர்ந்த பகை 1899 ஜூன் 6-ல் சிவகாசியில் வெடித்தது. 1903-ல் பாசெட் என்கிற அதிகாரி கொண்டையங்கோட்டை மறவர்களின் வழக்கங்களைப் பற்றி லண்டன் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் வேலை பார்த்தது போலீஸில்! அடுத்த எட்டாவது வருஷம், 1911-ல், குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறகு மறவர்களில் சில பிரிவுகளையும் அதன் கீழ் கொண்டு வந்தார்கள். பிறந்ததே குற்றம் என்று கைரேகை எடுத்து, ராத்திரியில் ஸ்டேஷனில் வந்து படு என்று சொன்ன சட்டம். ஊரைக் காத்தவன் பேரனுக்கு ஊரை விட்டு நகர அனுமதிச் சீட்டு வேண்டும்! 1947-ல்தான் சென்னையில் அதை ரத்து செய்தார்கள்.

வருஷக்கணக்கில் ஒரு சமூகத்தைக் குற்றவாளி என்று எழுதி வைத்தால், அடுத்த தலைமுறை "நாங்க ஆண்ட பரம்பரை" என்று பதில் சொல்லத்தான் செய்யும். அந்தப் பெருமையில் ஒரு வலி இருக்கிறது, அதை நக்கலடிப்பது சரியில்லை. பச்சேரிக்கு வருகிற கூட்டத்தின் பெருமையிலும் வலி இருக்கிறது. அது இன்னும் பழைய வலி, சிலையும் மண்டபமும் வெகுநாள் கழித்தே கிடைத்தவர்களின் வலி. இரண்டும் நியாயமானவை. கோளாறு, ஒரு பெருமையைச் சொல்ல இன்னொன்றை அழிக்க வேண்டும் என்று நினைப்பதில் இருக்கிறது. "ஒண்டிவீரன் என்று ஒருவர் இருந்தாரா?" என்று ஒரு பக்கம் கேட்பதும், "எல்லாம் எங்க ஆளு ஜெயிச்சது" என்று மறுபக்கம் சொல்வதும் ஒரே வியாதியின் இரண்டு அறிகுறிகள்.

இதெல்லாம் வரலாற்றுச் சண்டை, யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிடவும் முடியவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சேர்ந்து உடன் படிக்கிற பையனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசாங்கம் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக்கூடாது என்றெல்லாம் பரிந்துரைகள். உடனே எதிர்ப்பும் வந்தது. கயிறை அறுத்துவிடலாம், கையில் கட்டாமல் மனதில் கட்டிக்கொண்டால் என்ன செய்வது? ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு "இது எங்க சீமை, நீ வந்தேறி" என்று சொல்லிக் கொடுக்கிறவர் யாராவது, மறவர்கள் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மேற்கே நகர்ந்து வந்தவர்கள் என்றும் தெலுங்கர்கள் விஜயநகர காலத்தில் வந்தவர்கள் என்றும் ஆராய்ச்சியாளர்கள் சொல்வதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்களா? எவனும் இங்கே முளைத்து வரவில்லை.

ஒரு சின்ன விஷயம். சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளும் தனித் தொகுதிகள். பூலித்தேவனின் கோட்டைகள் இருந்த சீமையில் இன்றைக்கு எல்லாச் சாதிக்காரரும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு ஒரு தலித் உறுப்பினரைச் சட்டசபைக்கு அனுப்புகிறார்கள். இதற்காக வானம் இடிந்து விழவில்லை. ரேஷன் கார்டுக்கும் ரோட்டுக்கும் அவரிடம்தான் போய் நிற்கிறார்கள்.

செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது, செலவும் குறைவு. சங்கரன்கோவில் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் வருஷா வருஷம் பிள்ளைகளைச் சுற்றுலா என்று குற்றாலத்துக்கும் கன்னியாகுமரிக்கும் கூட்டிப் போகின்றன. தடை உத்தரவு இல்லாத ஏதாவது ஒரு மாசத்தில், ஒரே பஸ்ஸில், காலையில் பச்சேரி, பிறகு நெற்கட்டும்செவல் நினைவு மாளிகை, மத்தியானம் வாசுதேவநல்லூர், சாயங்காலம் சங்கரன்கோவில் கோவில் என்று ஒரு நாள் கூட்டிப்போகலாம். கொடி வேண்டாம், மைக் வேண்டாம். வரலாற்று வாத்தியார் ஒருவர் போதும். பஸ்ஸில் போகும்போது அவர் பிள்ளைகளிடம், வீட்டுக்குப் போய் அம்மாவைப் பெற்ற பாட்டியின் ஊர் எது, அந்தப் பாட்டியின் அம்மா எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று கேட்டு எழுதிவரச் சொல்லட்டும். நாலு தலைமுறைக்கு அம்மா வழியாகவே ஊர்ப் பெயர்களை எழுதினால் நோட்டில் ஒரு பக்கம் நிறையும். அதில் எத்தனை பேருக்கு ஒரே ஊர் திரும்பத் திரும்ப வருகிறது என்று மறுநாள் வகுப்பில் எண்ணிப் பார்க்கலாம்.